பூட்டன் வீட்டு நத்தம்

12 ஜனவரி 2025
பூட்டன் இருந்த வீட்டு இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. 1937ஆம் வருஷத்தியது. மடிப்பெல்லாம் பொடிந்து, ஓரம் பூச்சி அரித்து, முத்திரைத்தாளில் ராஜா தலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 'இராமநாதபுரம் ஜில்லா அருப்புக்கோட்டை தாலுகா' என்று இருப்பதை நம்பி ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறக் கூடாது. 1985இல் ஜில்லாவைப் பிரித்தபோது அது விருதுநகர் பக்கம் வந்துவிட்டது.

புஞ்சைக்காவது விஸ்தீரணம் போட்டிருக்கிறது. வீட்டுக்குச் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை மட்டும்தான்: 'பூசாரி வீட்டு மண்சுவருக்கு மேற்கு, கிணற்றுப் பாதைக்குத் தெற்கு, பங்காளி தொழுவத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு வடக்கு. இதற்குள்பட்ட கூரை வீடும் காலிமனையும்.'

21 ஜனவரி
இணையத்தில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் பத்திரப்பதிவு விவரம், 1975க்கு முன்னால் போகவில்லை. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால்தான் தேட வேண்டும். மனு கொடுத்தாயிற்று. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் குடும்பம் எங்களுடையது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தகப்பன் பெயரைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். சித்தப்பா வேறு, "வீட்டை நம்மகிட்ட இருந்து பிடுங்கிட்டாங்கடா" என்று பழைய பாட்டையே பாடுகிறார்.

4 பிப்ரவரி
பழைய நிலவரி செட்டில்மென்ட் பதிவேட்டுக்காக எழும்பூர் ஆவணக் காப்பகம் போகலாம் என்றிருந்தேன். கிராம நிர்வாக அலுவலர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இது ஜமீன் ஊருங்க." 1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் இங்கே சர்க்கார் செட்டில்மென்டே. அதிலும் குடியிருப்பு முழுக்கக் கிராம நத்தம் என்று ஒரே புல எண். தீர்வை வராத இடத்தில் எவன் வீடு எது என்று சர்க்காருக்கு என்ன கவலை? மனை மனையாக அளந்தது ரொம்பப் பிற்பாடு, நத்தம் நிலவரித் திட்டத்தில். அதற்குள் எங்கள் ஆட்கள் ஊரைவிட்டுப் போய் ஒரு தலைமுறையே ஆகிவிட்டது.

ஆக, எங்கள் வீட்டைத் தேடிப் பிரயோஜனமில்லை. பூசாரி வீட்டைத்தான் தேட வேண்டும்.

26 பிப்ரவரி, சிவராத்திரி
குலசாமி கோயில். நல்ல கூட்டம். பூசாரி இன்றைக்கும் அதே வகையறா. தலைக்கட்டு வரி நோட்டில் எங்கள் பெயரைக் காட்டியதும் பக்கத்தில் இருந்த பெரியவர், "கிணத்துப்பாதை வீட்டு ஆளுகளா நீங்க?" என்றார். கிணறு பற்றி நான் வாயே திறக்கவில்லை!

27 பிப்ரவரி
பூசாரி வீடு இப்போது மாடி. கிணறு தூர்ந்து, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. ஓடை சிமெண்டு வாய்க்காலாகிவிட்டது. தொழுவம் போன இடம் தெரியவில்லை. நடுவில் ஓர் ஓட்டு வீடு. "என்ன தம்பி, இடத்தைக் கேட்டு வந்திருக்கீகளா?" என்று அந்த வீட்டு அம்மா நேராகவே கேட்டுவிட்டார்.

"இல்லத்தா, பார்த்துட்டுப் போகத்தான்."

அதற்கப்புறம்தான் நத்தம் பட்டாவை எடுத்துவந்து காட்டினார். மாமனார் பெயரில் இருக்கிறது.

11 மார்ச்
சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நகல் வந்தது. 1946இல் கிரையம். விற்றது பூட்டனேதான், வாங்கியது அந்த மாமனாரின் தகப்பனார். செக்குபந்தி வரிக்கு வரி அதேதான். 'குடும்பச் செலவுக்காகவும் கடன் பைசலுக்காகவும்' என்று காரணமும் எழுதியிருக்கிறது. சித்தப்பாவுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. அந்த அம்மாவிடம் மூலப்பத்திரம் இல்லையாம். அவருக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டுவிட்டேன்.