ஐபி டிப்ளமாவில் தமிழ் எடுத்த கதை

மகள் பத்தாவது வரை மதுரையில் சிபிஎஸ்இ. பிளஸ் ஒன்னுக்கு பெங்களூரு பக்கம் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளியில் ஐபி டிப்ளமா (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட், பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு வருடப் படிப்பு) சேர்த்தோம். ஆறு பாடம், அதில் மூன்று ஹையர் லெவல், அதாவது கூடுதல் ஆழம்; மற்றவை ஸ்டாண்டர்டு லெவல். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழி வேண்டும், பள்ளியில் தமிழுக்கு ஆசிரியர் இல்லை, ஸ்பானிஷ் ஆரம்ப நிலை எடுக்கட்டுமே என்றார்கள். ஒரு வாரம் தேடிய பிறகுதான் தமிழ் இலக்கியத்தை 'செல்ஃப் டாட்' முறையில் (பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் தானே படிப்பது), ஸ்டாண்டர்டு லெவலில் மட்டும், எடுக்கலாம் என்று தெரிந்தது. ஆங்கிலம், தமிழ் இரண்டையும் இலக்கியப் பாடமாக முடித்தால் இருமொழி டிப்ளமா என்பதும் அப்போதுதான் தெரியும். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ட்யூட்டரை நாங்களே பிடித்தோம், வாரம் இரண்டு நாள் ஆன்லைனில்.

அக்டோபரில் அவளுடைய அட்வைசரிடமிருந்து போன். அட்வைசர் என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், தினமும் காலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். நாலு நாளாக அவள் காலைச் சாப்பாட்டுக்கே வரவில்லை, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள் என்று வார்டனும் சொன்னாராம். எங்களிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் உடனே தமிழை விட்டுவிடலாம் என்றேன். அட்வைசர்தான் தடுத்தார். அவளைத் திணறடிப்பது கெமிஸ்ட்ரி, அதை ஹையரிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறக்கி பிசினஸை ஹையருக்கு ஏற்றலாம், 240 மணி நேரப் பாடம் 150 ஆகும், தமிழ் வகுப்பு முடிந்து வரும்போதுதான் அவள் முகம் தெளிவாக இருக்கிறது என்றார். பெற்ற எனக்குத் தெரியாததை அந்த அம்மா கவனித்திருந்தார். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

தமிழில் கஷ்டமான கட்டம் வாய்மொழித் தேர்வு. தமிழிலேயே எழுதிய படைப்பு ஒன்று, தமிழில் மொழிபெயர்த்தது ஒன்று, ஒவ்வொன்றிலும் நாற்பது வரிக்கு மிகாத ஒரு பகுதி, இரண்டையும் ஒரு உலகப் பிரச்சினையோடு இணைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். கையில் அந்தப் பகுதிகளும், பத்தே குறிப்புகள் உள்ள ஒரு தாளும்தான். புலம்பெயர்தலை எடுத்தாள். பொருள் தேடப் பிரிந்து போகிற பாலைத் திணைப் பாடல் ஒன்று, கூடவே ஓர் ஆப்பிரிக்கக் கதை. ஹாஸ்டலில் துணி தேய்க்கிற அறைதான் அமைதியாக இருக்கும் என்று அங்கே நின்றுகொண்டு எனக்குப் போனில் பேசிக் காட்டுவாள். முதல் தடவை பதின்மூன்று நிமிடம். "அம்மா, எதை வெட்டுறது, எல்லாமே வேணும்போல இருக்கே" என்றாள். தலைவி பேசும் இடத்தை மட்டும் வெட்டாதே என்றேன்.

ஜூலையில் ரிசல்ட். தமிழில் ஏழுக்கு ஆறு, மொத்தம் 45க்கு 34, இருமொழி டிப்ளமா.

தமிழ் எடுக்க நினைப்பவர்கள் அட்மிஷன் அன்றைக்கே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: ட்யூட்டர் யார் பொறுப்பு, கட்டணம் யார் தருவது, டைம்டேபிளில் தமிழுக்கென்று பீரியட் ஒதுக்குவார்களா. அப்புறம், அட்வைசரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.