ஒரு நூலுக்கு நூற்றைம்பது சொற்கள்

கிளை நூலகங்களில் வாசலை ஒட்டிப் பெரும்பாலும் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். விடுமுறை அறிவிப்பு, போட்டித் தேர்வு விளம்பரம், வாசகர் வட்டக் கூட்ட அழைப்பு எல்லாம் அதில் தொங்கும். அதே பலகையில் வாரம் ஒரு நூலைப் பற்றி அரைப் பக்கம் எழுதி ஒட்டச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது. இரவல் கொடுத்து, திரும்பி வந்ததை அடுக்கி, புது நூல் கட்டைப் பிரித்துச் சேர்க்கை எண் (நூலகப் பதிவேட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்) போட்டு முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் இதைச் செய்ய முடியும். ஆனால் நூலகப் பணியில் மனம் நிறையும் வேலை எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்லலாம்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்புக்கு வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதை மேசையில் இருந்தபடியே ஓரளவு நிறைவேற்றிவிடலாம். வாசகர் கேட்பார், எடுத்துக் கொடுப்போம். மூன்றாவதுதான் கடினம். யாருமே கேட்காமல் கீழ்த்தட்டில் கிடக்கும் நூலுக்கு நாமாக ஆள் தேட வேண்டும். அந்த நூலைப் படித்து, அதைப் பற்றி உண்மையாக நாலு வரி எழுதி, வருகிறவர் கண்ணில் படும்படி வைப்பதை விட நேரான வழி வேறு இல்லை.

எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. கண் வேகமாக ஓடாது. ஒரு வரி பிடித்தால் ஏன் பிடித்தது என்று நின்று யோசிக்கத் தோன்றும். நூலகப் பிரதியில் கோடு போடக் கூடாது என்பதால் துண்டுச் சீட்டுகள் தேவை. வெள்ளைத் தாளை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டால் போதும். பக்கத்தின் மூலையை மடிப்பது பழைய நூல்களுக்கு எமன். ஐம்பது, அறுபதுகளின் மலிவுத் தாளில் அமிலம் அதிகம். பழுப்பேறிய அந்தத் தாள் மடித்த இடத்தில் ஒடிந்து கையோடு வந்துவிடும். ஒட்டுச் சீட்டும் வேண்டாம். எடுத்த பிறகும் பசை தங்கி, தூசியைப் பிடித்து, அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

குறிப்பேட்டில் இடப்பக்கம் நூலின் வரிகளுக்கு, வலப்பக்கம் நம் எண்ணங்களுக்கு என்று பிரித்துவிடுவது மிக முக்கியம். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அப்போதே போட்டுவிட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் மூன்று மாதம் கழித்து எது ஆசிரியர் வாக்கியம், எது நம்முடையது என்று தெரியாது. அழகான வாக்கியம் ஒன்று நம் பெயரில் பலகை ஏறிவிடும். நல்ல நோக்கத்தோடு எழுதுகிறவர்களும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்தது நூலின் அடையாளம். நூலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, பக்கம், விலை என்று எழுதுவது சுலபம் போலத் தோன்றும். தமிழ் நூல்களில் இதற்கே அரை நாள் போகும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ‘முதற் பதிப்பு: 2016’ என்று அச்சிட்டிருக்கும். நூலோ அதற்கு எழுபது ஆண்டுக்கு முன் எழுதியது. அந்தப் பதிப்பகம் முதன்முதலாக வெளியிட்ட ஆண்டைத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து எழுதினால், சுதந்திரத்துக்கு முந்தைய கதையை இந்தக் காலத்துக் கதையாகப் படிக்கச் சொன்னதாகிவிடும்.

உண்மையான ஆண்டைப் பிடிக்கச் சில வழிகள் உண்டு. ஆசிரியர் முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மறுபதிப்புகளில் பல சமயம் அது அப்படியே தப்பி வந்திருக்கும். பழைய பிரதி கையில் இருந்தால் விலையைப் பார்க்கலாம். ரூ. 2-8-0 (இரண்டு ரூபாய் எட்டு அணா) என்று அணாக் கணக்கில் இருந்தால், நயா பைசா புழக்கத்துக்கு வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூலகத்தின் சேர்க்கைப் பதிவேடும் ஒரு சாட்சி. பதிவேட்டில் நூல் ஏறிய தேதிக்குப் பிறகு அந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது அல்லவா? இவற்றிலும் தீராவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்பின் படி கிடைக்கிறதா என்று தேடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்தவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையும் கைகொடுக்கும். இப்படித் தேடித் தேடி ஒரு நூலின் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, நூலைப் படித்த மகிழ்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

நாட்டுடைமை ஆன, அதாவது யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று அரசு பொதுவாக்கிய நூல்களில் இன்னொரு சிக்கல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலானது. இன்று அதைப் பல பதிப்பகங்கள் பல அளவில் போடுகின்றன. ஐந்து தனித்தனிப் புத்தகமாகவும் உண்டு, ஒரே தடித்த கட்டாகவும் உண்டு. 212ஆம் பக்கம் என்று எழுதினால் வாசகர் கையில் இருக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தில் வேறு எதுவோ இருக்கும். எனவே இப்படிப்பட்ட நூல்களுக்குப் பக்க எண்ணோடு பாகமும் அத்தியாய எண்ணும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டையில் அதைக் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரை ஆசிரியர் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதுவது நியாயம். மூல மொழியிலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் ஒரு வார்த்தையில் குறிப்பிடலாம். ஒரு பிரெஞ்சு நாவலைத் தமிழில் உயிரோடு நிறுத்தியவர் பெயர், உள்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் ஒளிந்துகிடப்பது வருத்தமான வழக்கம்.

இனி அந்த நூற்றைம்பது சொற்கள். அதற்கு மேல் போனால் நின்றபடி படிக்கிறவர் பாதியில் நகர்ந்துவிடுவார். நூல் எதைப் பற்றியது என்பதற்கு இரண்டு வாக்கியம். எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு நூலிலிருந்தே இரண்டு மூன்று வரி. நடையைப் பற்றி நாம் பத்து வரி புகழ்வதை விட அந்த மூன்று வரி அதிகம் சொல்லும். தடுக்கும் இடம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ‘முதல் நாற்பது பக்கம் மெதுவாகப் போகும், பெயர்கள் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிய நூலை, எழுதாத நூலை விட அதிகம் பேர் முடித்துத் தருகிறார்கள். ஆரம்பத்தில் கால் தடுக்கும் என்று முன்பே தெரிந்தவர் நம்பி மேலே நடக்கிறார்.

பின்னட்டையைப் பார்த்து எழுதினால் தெரிந்துவிடும். ‘அருமையான நூல்’, ‘அனைவரும் படிக்க வேண்டியது’ போன்ற சொற்கள் எந்த நூலுக்கும் பொருந்தும். எனவே எந்த நூலையும் காட்டித்தராது. கதை முழுவதையும் சொல்லிவிடுவது அடுத்த பிழை. நாவலுக்கு முதல் கால்பகுதியோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. படித்து முடித்த அன்றே தகவல்களை எழுதிவிடலாம், கருத்தை மட்டும் இரண்டு நாள் ஆறப்போடுவது நல்லது. முடித்த கையோடு எழுதும் பாராட்டில் கடைசி அத்தியாயத்தின் சூடு மட்டும்தான் இருக்கும்.

குறிப்பு நன்றாக அமைந்தால் வரும் பிரச்சினை, நூல் அன்றைக்கே இரவல் போய்விடுவது. அடுத்து வருகிறவர் படித்துவிட்டுக் கேட்பார், கையில் பிரதி இருக்காது. ‘இதோடு படிக்க’ என்ற கடைசி வரி அதற்காகத்தான். அதே பொருளில் அலமாரியில் உள்ள வேறு இரண்டு நூல்களின் பெயரையும் பகுப்பு எண்ணையும் (பொருள்வாரியாக அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) எழுதிவைத்தால் வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார். அந்த இரண்டு நூல்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையிலேயே இனிமையான பகுதி. உப்பளத் தொழிலாளர் பற்றிய நாவலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர்களின் வரலாறும், உப்பு சத்தியாக்கிரகம் பற்றிய நூலும் வந்து உட்காரும். பகுப்பு எண்ணால் மூன்று தனித்தனி அலமாரிகளில் இருந்தவை, ஒரு வாசகரின் பையில் சேர்ந்து வெளியே போகும்.

பலகையிலிருந்து இறக்கிய குறிப்புகளைக் குப்பையில் போடக் கூடாது. எழுதிய தேதியோடு, ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் ஒரு கோப்பில் சேர்த்து வர வேண்டும். புனைபெயரில் எழுதியவர்களைப் புனைபெயரிலேயே வைத்து, இயற்பெயரின் இடத்தில் ‘காண்க’ என்று ஒரு சீட்டுப் போட்டால் தேட எளிது. வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நூல் தேர்வு செய்யும்போது அந்தக் கோப்புதான் முதலில் மேசைக்கு வரும். குறிப்பை மறுத்து வாசகர் எழுதித் தந்த தாளையும் அதே நூலின் கீழ் வைப்பது வழக்கமாக வேண்டும். சில ஆண்டு கழித்து அதே நூலை மறுபடி படித்து வேறு மாதிரித் தோன்றினால், பழைய தாளைத் திருத்தாமல் புதிதாக ஒன்று எழுதி அதன் பின்னால் குத்திவைக்கலாம்.