பழுப்புத் தண்ணீரில் போன படகுகள்

மே 24, 2025, சனி

எதிர்வீட்டுப் பெரியவர் வியட்நாம் போரில் ஆற்று ரோந்துப் படகில் என்ஜின் பார்த்தவராம். ஐந்து வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், போன வாரம்தான் சொன்னார். இன்று சான் டியேகோ பக்கம் கொரொனாடோவில் இருக்கும் வியட்நாம் போர் நினைவிடத்துக்குக் கூட்டிப்போனார். கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நான் தனியாகப் போயிருக்க முடியாது.

மூன்று படகுகளைக் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஆகச் சிறியதுதான் பிபிஆர் என்ற ஆற்று ரோந்துப் படகு, அவர் வேலை பார்த்த வகை. "இதிலா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முப்பது அடியைக் கொஞ்சம் தாண்டும். உடம்பு ஃபைபர். குண்டைத் தாங்கும் தடுப்பெல்லாம் ஒருசில இடத்தில் மட்டும். ஆள் நான்கு பேர்.

பின்பக்கம் குனிந்து ப்ரொப்பல்லரைத் தேடினேன். கிடையாது! அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுமாம். அதனால் இரண்டடித் தண்ணீர் போதும், குறுகலான கால்வாயிலும் நுழையலாம். ஆனால் உறிஞ்சும் வாயில் களை அடைத்துக்கொண்டால் வேகம் போய்விடும். அதைத் தோண்டி எடுப்பது என்ஜின்காரர் பாடு. கரையில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் அதைச் செய்யவேண்டும்.

மீகாங் கழிமுகத்தில் எதிரே வரும் சம்பான் என்ற சின்ன மரப்படகுகளை நிறுத்திச் சோதிப்பதுதான் அன்றாட வேலை. 1966 மார்ச்சில் முதல் பிபிஆர்கள் வியட்நாமுக்குப் போயின. ஆயுதம் இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் அரிசியும் வாத்தும் பிள்ளைகளும்தான் இருக்கும் என்றார்.

அப்புறம் போரில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும் பக்கம் போனார். நான் படகருகிலேயே நின்றுகொண்டேன்.

மே 25, ஞாயிறு

டேவிட் ஊலெட் பற்றிப் படித்தேன். பிபிஆர் 124-இல் இருந்த மாலுமி. 1967 மார்ச் 6 அன்று கரையிலிருந்து ஒரு கையெறிகுண்டு பறந்து வருவதைப் பார்த்துவிட்டார். பின்பக்கம் ஓடி, படகுத் தலைவரைத் தள்ளிவிட்டு, வெடிப்பைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். வயது 22. நேற்று பார்த்த படகில் முன்னிருந்து பின்னுக்கு ஓட எத்தனை எட்டு இருக்கும்?

மே 26, திங்கள்

மெமோரியல் டே, போரில் இறந்தவர்களை நினைக்கும் அமெரிக்க விடுமுறை. தெருவெங்கும் கொடி, போனெங்கும் மெத்தைத் தள்ளுபடி விளம்பரம். பெரியவர் வெளியே வரவில்லை. சாயங்காலம் இட்லி கொண்டுபோனேன்.

அவர் படகின் நால்வரில் ஒருவர் பெயர் நினைவிடத்தில் இருக்கிறது. இன்னொருவர் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயில் போனார். அவர் பெயர் இல்லை.

சும்வால்ட் கதையும் பெரியவர் சொல்லித்தான் தெரியும். 1968-இல் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைத் தளபதியாக வந்தவர். கரையோரப் புதரில் பதுங்கிச் சுடுகிறார்கள் என்று இலையுதிர்க்கும் மருந்தை அடிக்கச் சொன்னார். அதே ஆறுகளில் அவர் மகன் ஸ்விப்ட் என்ற இன்னொரு வகை ரோந்துப் படகு ஓட்டினார். மகன் 1988-இல் புற்றுநோயில் இறந்தார், 42 வயது. மருந்துதான் காரணம் என்று அப்பாவே நம்பினார். ஆனாலும் அது பல மாலுமிகளைக் காப்பாற்றியது, திரும்பவும் அதையேதான் செய்திருப்பேன் என்றாராம். கரையில் குடியிருந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. பெரியவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மே 29, வியாழன்

புல்வெட்டும் மெஷின் மக்கர். பெரியவர் தட்டைத் திருப்பிக்கொடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, அதைச் சாய்த்துப்போட்டு, பிளேடில் இறுகியிருந்த புல்லை விரலால் தோண்டி எடுத்தார். அரைமணி ஆயிற்று. ஒரே இழுப்பில் ஓடியது.