புல் ரிக்வெஸ்ட் தலைப்புகளைத் தானாகச் சரிபார்த்தல்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், கமிட்டுகளை (பதிவுசெய்த மாற்றங்களை) ஒன்றாக்கும் ஸ்குவாஷ் முறையில் இணைக்கும்போது, பல கமிட்டுகள் கொண்ட புல் ரிக்வெஸ்டின் (மாற்றங்களை இணைக்கக் கேட்கும் கோரிக்கையின்) தலைப்பே இயல்பாக முதன்மைக் கிளையின் கமிட் செய்தியாகிறது. மாற்றத்தின் வகையை முன்னொட்டாக எழுதும் கன்வென்ஷனல் கமிட்ஸ் மரபைப் பின்பற்றும் வெளியீட்டுக் கருவிகள் அச்செய்தியைப் படித்தே பதிப்பு எண்ணை உயர்த்துகின்றன: ‘ஃபிக்ஸ்’ (fix, பிழைத்திருத்தம்) என்று தொடங்கினால் 1.4.2 என்பது 1.4.3 ஆகும், ‘ஃபீட்’ (feat, புதிய வசதி) என்றால் 1.5.0, பழையதோடு ஒத்துப்போகாத மாற்றத்தைக் காட்ட முன்னொட்டை அடுத்து ஆச்சரியக்குறி இருந்தால் 2.0.0. வெறுமனே ‘அப்டேட்’ என்று எழுதினால் கருவிக்கு எதுவும் புரியாது.

இதைச் சரிபார்க்க, கிட்ஹப்பின் தானியக்கச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு சிறிய ரெகுலர் எக்ஸ்பிரஷனே (உரையின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் கோவையே) போதும். ஆனால், புல் ரிக்வெஸ்ட் திறக்கப்படும்போதும், மீண்டும் திறக்கப்படும்போதும், புதிய கமிட் சேரும்போதும் மட்டுமே பணிப்பாய்வு இயல்பாக ஓடும் என்பதால், ‘எடிட்டட்’ (திருத்தப்பட்டது) நிகழ்வையும் சேர்க்காவிட்டால், தலைப்பைத் திருத்திய பிறகும் தோல்வியைக் காட்டும் சிவப்புக் குறி அப்படியே நிற்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. தலைப்பு என்பது முன்பின் தெரியாதவரும் எழுதக்கூடிய உரை. அதை ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) கட்டளைக்குள் நேரடியாகச் செருகினால், டாலர் குறியும் அடைப்புக்குறியும் கொண்டு எழுதப்பட்ட தலைப்பே கட்டளையாக இயங்கிவிடும். தலைப்பை முதலில் சூழல் மாறியில் (நிரல் இயங்கும்போது மதிப்பைத் தாங்கும் பெயரில்) வைத்து, பிறகு அந்த மாறியை மேற்கோள் குறிகளுக்குள் படிப்பதே பாதுகாப்பானது.

எழுத்து எண்ணிக்கை, முற்றுப்புள்ளி போன்றவற்றுக்காக இணைப்பையே தடுப்பது வீண் கெடுபிடி என்பது என் கருத்து. அவற்றுக்கு எச்சரிக்கை போதும். பிழைச் செய்தியில் சரியான தலைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தால், புதிதாகப் பங்களிப்பவர் ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.