தொண்டையில் நின்ற துக்கம்

2020ஆம் ஆண்டு மே மாதம் மலேசியாவின் ஈப்போவில் அம்மா காலமானபோது, கொரோனாவால் மார்ச்சிலேயே எல்லை மூடப்பட்டுவிட்டதால், சிங்கப்பூரில் இருந்த என்னால் போயிருக்க முடியாது. ஆனால், தகனம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் அண்ணன் எனக்குச் சொன்னார். கைபேசியிலாவது அம்மாவின் முகத்தைக் காட்டியிருக்கலாமே என்ற ஆற்றாமை கோபமாகி, இரண்டு ஆண்டுகள் அவருடன் பேசாமலே இருந்தேன்.

இதற்கிடையில், எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வு வந்துவிட்டது. சோறும் தண்ணீரும் தடையின்றி இறங்கின. காது மூக்குத் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். அந்த உறுதி கிடைத்த பிறகே, எங்கள் வட்டாரத்தில் இருக்கும் சின்சேயிடம், அதாவது அரசிடம் பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் சென்றேன்.

சிறிய தலையணை ஒன்றின் மேல் என் மணிக்கட்டை வைத்து, மூன்று விரல்களால் நாடி பார்த்தார். நம் சித்த வைத்தியர்களும் வாத, பித்த, கபம் அறிய மூன்று விரல்களைத்தான் வைப்பார்கள் என்பதால், அந்தத் தொடுகை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. இடக்கையில் நடுவிரல் வெகுநேரம் நின்றது. அது கல்லீரலுக்குரிய இடம் என்றும், நாடி முறுக்கேற்றிய தந்தியைப் போல இருக்கிறது என்றும் சொன்னவர், யார்மேல் கோபம் என்று கேட்டார்.

சீன மருத்துவத்தில் கல்லீரல் என்பது வெறும் உறுப்பு அன்று. ‘ச்சி’ என்னும் உயிராற்றலை உடல் முழுவதும் தங்குதடையின்றி ஓடச் செய்யும் செயலும் அதனுடையதே. கோபம் அந்த ஆற்றலை மேலே ஏற்றும், துயரம் கரைக்கும், ஓயாத சிந்தனை முடிச்சிடும் என்று ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் சீன மருத்துவ நூல் கூறுகிறது. எனக்கிருந்த தொல்லையையோ, சீனாவின் ஹான் அரசமரபுக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், சுட்ட இறைச்சித் துண்டு தொண்டையில் நிற்பது போன்றது என்று எழுதியிருக்கிறாராம். பிற்காலத்தார் அதை ‘பிளம் கொட்டை’ என்றார்கள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாம் சொல்வதும் இதைத்தானே என்று அப்போது தோன்றியது.

அதற்கென்றே ஜாங் வகுத்த, இஞ்சியும் சேரும் ஐந்து மூலிகைக் கலவையைத் தூளாகக் கொடுத்தார். வாரம் ஒருமுறை அக்குபங்சர் ஊசியும் குத்தினார். பாதத்தின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் ஊசி இறங்கியபோது, வலி என்று சொல்ல முடியாத ஒரு கனமான குடைச்சல் பரவியது. மூன்றாவது முறை, ஊசியோடு படுத்திருக்கையில், காரணமே தெரியாமல் அழுதேன். அவர் ஒன்றும் கேட்காமல் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

அண்ணனை மன்னித்தால்தான் குணமாகுமா என்று ஒருநாள் கேட்டேன். மன்னிக்கச் சொல்வது தம் வேலை அன்று, இறுகியதைத் தளர்த்துவதே தம் வேலை என்றார். கோபம் வருவது நோயாகாது, போக வழியின்றித் தங்கிவிடுவதே நோய் என்றும் சொன்னார். மன்னித்துவிடு என்று உறவினர்கள் வற்புறுத்திய போதெல்லாம் இன்னும் இறுகிப்போன எனக்கு, யாரும் எதையும் கேட்காத அந்த அறையில்தான் மூச்சு விட முடிந்தது. குணம் மருந்தால் வந்ததா, ஊசியால் வந்ததா, அழுகையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆறாவது வாரம் நானே அண்ணனை அழைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மாவை அன்று படம் எடுத்து வைத்திருப்பதாகவும், தனியாக இருக்கும் நான் அதைப் பார்த்து என்ன ஆவேனோ என்று பயந்து அனுப்பவில்லை என்றும் சொன்னார். அவர் செய்தது சரி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லவும் இல்லை. படத்தை அனுப்ப வேண்டாம், திதிக்கு வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றேன்.