ரேடியேஷன் முடிந்த பிறகும் போகாத கைவலி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்ட நேரம். அப்போதுதான் வலது கையில் ஆரம்பித்தது. முதலில் விரல் நுனியில் மதமதப்பு. போகப் போக அக்குளிலிருந்து சுண்டுவிரல் வரை எரிச்சல், நடுநடுவே ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று ஒரு வலி. மும்பை செம்பூரில் ரயில் ஏறினால் மேலே கைப்பிடியைப் பிடித்து நிற்க முடியவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். அவர்கள் கொடுத்த வலி மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கமில்லை. அந்த பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புற்றுநோய் டாக்டரும் முதலில் அதைத்தான் பார்த்தார். எம்ஆர்ஐ எடுத்துக் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு டெஸ்ட். ரேடியேஷன் விவரத் தாளையும் கேட்டார். மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தடவை என்று அதில் இருக்கும். முன்பு பலருக்கு 25 தடவையில் 50 கிரே கொடுத்தார்கள், இப்போது 15 தடவையில் 40 கிரே கொடுப்பதும் சகஜம். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

இது ரேடியேஷனின் பின்விளைவு என்றார். கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புக் கொத்தைச் சுற்றித் தழும்பு இறுகி, நுண்ணிய ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுகிறதாம். சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துக்கூட இது தலைகாட்டலாம். பழுதான நரம்பைப் பழையபடி ஆக்க வழியில்லை, வலியைக் குறைக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்து பாலியேட்டிவ் பிரிவுக்கு, அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் பிரிவுக்கு, அனுப்பினார்கள். போர்டைப் பார்த்ததும் என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருக்கிறார். புற்றுநோயாலோ அதன் சிகிச்சையாலோ வலி என்று வருபவர்களையும் அங்கே பார்க்கிறார்கள், சிகிச்சை முடிந்தவர்களையும்தான். அங்கேதான் என்னை உட்கார வைத்து, எப்படி வலிக்கிறது, எப்போது கூடுகிறது, தூக்கம் வருகிறதா என்று பொறுமையாகக் கேட்டார்கள்.

நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரையைக் குறைந்த அளவில், இரவில் மட்டும் ஆரம்பித்தார்கள். முதலில் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் இருந்தன, காலும் லேசாக வீங்கியது. பிறகு மெதுவாகக் கூட்டினார்கள். இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டுலோக்செடின் என்ற மாத்திரையும் நரம்பு வலிக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் டாமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்வதை அது குறைக்கக்கூடும் என்பதால் எனக்குத் தரவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாமியார் பாசத்தோடு, "நல்லெண்ணெய் தேய்ச்சு ஒத்தடம் கொடுக்கறேம்மா" என்பார். பிசியோதெரபிஸ்ட் வேண்டவே வேண்டாம் என்றார். உணர்ச்சி மங்கிய தோலில் சுட்டாலும் தெரியாது, அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் புண் வந்தால் வீக்கமும் தொற்றும் சேர்ந்துகொள்ளும். அவர் சொல்லிக்கொடுத்த மெதுவான தோள் அசைவுகளை விடாமல் செய்கிறேன். வெந்நீரின் சூட்டை இடது கையால்தான் பார்க்கிறேன். குக்கரை இறக்குவது கணவர் வேலை. பை இடது தோளில்.

வலி முழுசாகப் போய்விடவில்லை. ஏசி பெட்டியில் ஏறினால் கை குடைகிறது. ஆனாலும் இரவில் தூங்குகிறேன், பேனா பிடித்து எழுதுகிறேன். கையில் பலம் திடீரென்று குறைந்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.