ஹாக்சா பிளேடும் ஈயக்குண்டும்

டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காசு. அட்டையைச் சுண்டிவிட்டால் காசு டம்ளருக்குள் விழும். நிலைமம் என்றால் எல்லாப் பள்ளிகளிலும் இதைத்தான் காட்டுவார்கள். பழைய மாணவர்களான நமக்கும் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் காட்டினார்கள், கைதட்டினோம். ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. சும்மா இருக்கும் பொருள் சும்மா இருக்கவே பார்க்கும் என்பது சரி. நிறை கூடினால் அந்தப் பிடிவாதமும் கூடும் என்பது அதில் எங்கே தெரிகிறது? நாலணா வைத்தாலும் விழுகிறது, ஒரு ரூபாய் வைத்தாலும் விழுகிறது.

அதைக் கண்ணால் பார்க்கவைத்தவர் பிளஸ் ஒன்னில் வந்த நம் இயற்பியல் சார். 1979. கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து, இரும்பு அறுக்கும், பல் தேய்ந்த ஹாக்சா பிளேடு ஒன்றை வாங்கி வந்திருந்தார். வலையில் கட்டும் ஈயக்குண்டு வேண்டும் என்று தேவனாம்பட்டினத்துப் பையன்களிடம் சொல்லிவைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்தார்கள். அன்று வகுப்பில் அவர்களுக்குத்தான் ராஜமரியாதை.

பிளேடின் ஒரு முனையை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். மேலும் கீழும் ஆடாமல் பக்கவாட்டில் மட்டும் ஆடுகிற மாதிரி தகட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தார். வெறும் பிளேடைச் சுண்டினால் ரீங்காரம்தான், எண்ண முடியவில்லை. முனையில் குண்டுகளைக் கட்டக் கட்ட ஆட்டம் மந்தமானது. பி.டி. சாரிடம் கடன் வாங்கிய ஸ்டாப்வாட்சில் 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து எழுதிக்கொண்டே வந்தோம்.

"கனமா இருந்தா மெதுவா ஆடும், இதுல என்ன சார் இருக்கு?" என்றான் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன்.

சார் இதற்காகவே காத்திருந்தார் போல. உத்தரத்திலிருந்து நீளமாக ஒரு நூலை இறக்கி, ஈயப் பொட்டலத்தை அதில் தொங்கவிட்டார். பொட்டலம் பிளேடு முனையோடு ஒட்டியே இருந்தது, பாரத்தை மட்டும் நூல் வாங்கிக்கொண்டது. "இப்ப பிளேடு எதையும் சுமக்கல. ஆட்டிப் பாரு."

ஆட்டினோம். கிட்டத்தட்ட அதே நேரம்தான்!

எடை என்பது பூமி இழுப்பது, நிறை என்பது அசைக்கப் போனால் பொருள் முரண்டு பிடிப்பது. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு வைத்திருந்த அந்த வித்தியாசம் மேசை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில்தான் அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. "தலையில விழும்னு பயந்தீங்களே, அதுக்குள்ள இருந்தவங்க உடம்பு இளைச்சுதான்னு எப்படிப் பார்த்தாங்க தெரியுமா?" என்றார் சார். அங்கே எல்லாம் மிதக்கும், தராசு வேலைக்கு ஆகாது. அதனால் 1973-ல் அதில் தங்கியவர்கள் வில் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள். நம் பிளேடு செய்த அதே வேலைதான்.

அப்புறம் வரைபடம். குண்டுகளை இரட்டித்தால் நேரம் இரட்டிக்கவில்லை. நேரத்தை வர்க்கப்படுத்தி நிறையோடு சேர்த்துப் போட்டபோது நேர்கோடு வந்தது. ஆனால் கோடு பூஜ்ஜியத்தைத் தொடாமல் கொஞ்சம் மேலேயே அச்சை வெட்டியது. எங்கோ தப்பு என்று ரப்பரை எடுத்தோம். "அழிக்காதே, பிளேடுக்கு நிறை கிடையாதா?" என்றார். எனக்கு அந்த வகுப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சிங்கப்பூரில் துறைமுகக் கிரேன் பிரிவில்தான் என் வேலைக்காலம் போனது. 20 டன் பெட்டி வடத்தில் தொங்கும்போது எடை முழுவதும் வடத்தின் மேல், ஆனால் நிறை பெட்டியை விட்டுப் போகாது. புதுப் பையன்கள் சிலர், தொங்கத்தானே செய்கிறது என்று, ஆடிவரும் பெட்டியைக் கையால் பிடித்து நிறுத்தப் போவார்கள். அவர்களை இழுத்து நிறுத்தி, டீ நேரத்தில் நூலில் தொங்கிய ஈயப் பொட்டலத்தின் கதையைச் சொல்வேன். பாதுகாப்புப் பயிற்சியில் போடும் படங்களைவிட அது நன்றாக மனதில் ஏறியது என்பது என் கட்சி.

பள்ளி ஆய்வகத்துக்கு நம் பழைய மாணவர் சங்கம் நிதி திரட்டுவதாகச் செயலாளர் எழுதியிருக்கிறார். பட்டியலில் டிஜிட்டல் தராசு, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கின்றன, வாங்கட்டும். கூடவே நாலு கிளாம்பும் ஒரு டஜன் ஹாக்சா பிளேடும் சேர்த்துவிடுங்கள். அந்தச் செலவு என்னுடையது.